ஒன்று வந்தால் மட்டும்

மே பதினெட்டு, காலை ஆறு. பூமலாவில்
இரவு பெயருக்குத்தான் வந்து போயிருக்கிறது.
காபி இறங்கும் முன் பதிவைத் திறக்கிறேன்:
பாறை நான்கு, யாருமில்லை.
நேற்றும் யாருமில்லை. முந்தாநாளும்.
திங்கட்கிழமை மட்டும்: வந்தது.

ஏரியில் பனி உடைந்த நாளிலிருந்து இப்படித்தான்.
படகு ஓட்டும் வெய்யோ ஒருவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.
"இர்மெலி, நான் பார்த்தேன்.
மூட்டை மாதிரி கிடந்தது, பாறை மேல்."
கண்ணால் காண்பதும் பொய் என்று சொல்ல
என்னிடம் ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது.
வியாழனன்று கேமராவைக் கழற்றி
வேறு தீவில் மாட்டுவதாக முடிவு.

கழற்றும் முன் கணக்கு முடிப்போமே என்று
நேற்றைய ஃபோல்டரைத் திறந்தேன்.
இருபத்தாறு படங்கள்.

ஸ்கிரிப்ட் தைஸ்தோ எழுதியது;
அவன் இப்போது ஔலுவில், வங்கி வேலையில்.
பதினோரு வரி. ஐந்தாவதில் நிபந்தனை:
ஒற்றைச் சதுர அடைப்பு, உள்ளே
'இருக்கிறதா' என்று ஒரு கேள்வி,
பக்கத்தில் ஒரு நட்சத்திரம், ஒரு புள்ளி, ஜேபிஜி.

படிக்க எவ்வளவு நேராக இருக்கிறது!
பெயர் எதுவானாலும் சரி, படம் இருக்கிறதா?
ஷெல் அப்படிக் கேட்பதில்லை.
அடைப்புக்குறி வாய் திறப்பதற்குள்
நட்சத்திரத்தை அவிழ்த்துக் கொட்டிவிடுகிறது.
படமே இல்லையா, நட்சத்திரம் நட்சத்திரமாகவே நிற்கும்;
அந்தப் பெயரில் கோப்பு கிடையாது, ஆகவே இல்லை. சரி.
ஒன்று இருந்தால் அதன் பெயர் வந்து உட்காரும். சரி.
இரண்டென்றால் இரண்டு, இருபத்தாறென்றால் இருபத்தாறு பெயர்,
ஒரே நாற்காலி போட்ட அறைக்குள்.
இத்தனை பேரா என்று முனகி
அடைப்புக்குறி கைவிரிக்கும்.
கைவிரிப்பதும் இல்லை என்பதும்
ஷெல்லுக்கு ஒரே வாசல்.
'இல்லாவிட்டால்' என்ற கிளையில் இறங்கி
யாருமில்லை என்று எழுதிவிட்டுத் தூங்கப் போகும்.

முனகல் ஏன் கேட்கவில்லை?
போட்டது எதுவும் திரும்பாத ஒரு கிணற்றுக்கு
தைஸ்தோ அதைத் திருப்பிவிட்டிருந்தான்,
வரியின் கடைசியில், நேர்த்தியாக.
நான்கு வருடம். சத்தமே இல்லை.

அடைப்பை இரட்டையாக்கிப் பார்த்தேன்,
அதுதான் பத்திரம் என்று எங்கோ படித்த நினைவு.
அதற்குள் நட்சத்திரம் விரிய மறுத்தது.
சமக்குறிக்கு வலப்பக்கம் நின்றால்தான்
அங்கே அது எதற்கும் பொருந்தும் கோலம்;
இங்கே வெறும் எழுத்து.
நட்சத்திரம் என்றே பெயர்வைத்த கோப்பைத் தேடிப்போய்
திங்கட்கிழமையின் ஒற்றைப் படத்தையும்
இல்லை என்றது.

கடைசியில் ஒரு சுற்று எழுதினேன்:
ஒவ்வொரு பெயராக எடு, வாசலில் நிறுத்து,
நீ இருக்கிறாயா என்று அதை மட்டும் கேள், எண்ணு.
பருவம் முழுவதையும் அதற்குள் ஓடவிட்டேன்.
முப்பத்தொன்பது 'யாருமில்லை'யில்
முப்பத்திரண்டு உதிர்ந்தன.
ஏழு இரவுகள்தான் நிஜமாகவே வெறும் பாறை.

தைஸ்தோவுக்குப் போன் செய்தேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
"சோதித்துப் பார்க்க என்னிடம் ஒரே ஒரு படம்தான் இருந்தது."
அப்புறம், கொஞ்சம் வீம்பாக:
"ஒரு பாறைக்கு ஒரு சீல்தானே."

இருபத்தாறையும் திரையில் பரப்பினேன்.
சாம்பல் முதுகில் வெளிறிய வளையங்கள்;
எந்தச் சீலின் வளையமும் இன்னொன்றோடு பொருந்தாது.
இடது தோளில் உடைந்த எட்டு: இவள் எழுபத்துமூன்று.
அடுத்த படம், உடைந்த எட்டு.
அதற்கடுத்தது,
வயிற்றைக் காயவிட்டு. பக்கம் மாறி.
ஒன்றில் கேமராவைப் பார்த்து ஒரு கொட்டாவி.
இருபத்தாறிலும் அவளேதான்.

தைஸ்தோ சொன்னது சரி, ஒரு பாறை, ஒரு சீல்.
எட்டிப்பார்த்துப் போன இரவுகளில்
வந்தாள் என்று எழுதினோம்.
விடிய விடியக் கிடந்த இரவுகளில்
யாருமில்லை என்று.

வெளியே படகு இன்ஜின் இருமுகிறது.
வெய்யோ ஸ்பேனரை ஏற்றிவிட்டார்.
ஷூ கூடப் போடாமல் ஓடுகிறேன்.